அம்மிணி ஓட்டிப் போன நாசிக்

மாட்டுங்காவில் எங்கள் பில்டிங் பெண்களில் முதலில் டிரைவிங் லைசென்ஸ் வாங்கியவள் அம்மிணி. பாலக்காட்டிலிருந்து பதினெட்டு வயதில் கல்யாணமாகிப் பம்பாய்க்கு வந்தவள். கணவர் வேங்கடசுப்ரமணியனுக்கு பல்லார்ட் பியரில் ஒரு கப்பல் கம்பெனியில் வேலை. கீழே நிற்கும் பழைய ஃபியட்டை அவரைத் தவிர யாரும் தொடக்கூடாது. துடைப்பதுகூட அவரேதான்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து அறுபத்திரண்டில் ஒரு மத்தியானம் அவருக்குத் திடீரென்று வயிற்றில் தாங்க முடியாத வலி. அன்று டாக்ஸிக்காரர்கள் ஸ்டிரைக். கார் வாசலில் நிற்கிறது, சாவி ஆணியில் தொங்குகிறது, ஓட்டத்தான் ஆளில்லை. கடைசியில் ஒரு காய்கறி டெம்போவைக் கைகாட்டி நிறுத்தி, வெங்காய மூட்டைகளுக்கு நடுவே அவரைப் படுக்கவைத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். குடல்வாலை எடுத்தார்கள். பிழைத்தார்.

அவர் வீடு திரும்பிய பிறகு அம்மிணி மாஹிமில் ஷேக் பரீத் என்பவர் நடத்திய டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். கணவர் தடுக்கவில்லை. கற்றுக்கொள், ஆனால் நம் வண்டியில் வேண்டாம் என்றார். அவளும் மறுத்துப் பேசவில்லை. லைசென்ஸ் வந்ததும் பீரோவில் பட்டுப்புடவைக்கு அடியில் வைத்துவிட்டாள். மாதத்துக்கொரு முறை, மார்க்கெட்டுக்குப் போகும் சாக்கில், பரீத்பாயின் வண்டியைக் கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு வருவாள். கை மறந்துவிடக் கூடாது என்பதற்காக.

அறுபத்து நாலு ஆகஸ்டில் வேங்கடசுப்ரமணியனின் தம்பி வெங்கடேஸ்வரன் இறந்துபோனார். செம்பூரில் தனியாக இருந்தவர், கல்யாணம் செய்துகொள்ளவில்லை. காலையில் பல் தேய்த்துக்கொண்டிருந்தவர் அப்படியே சாய்ந்துவிட்டார். கொள்ளி வைத்தது அண்ணாதான். அஸ்தியை எங்கே கரைப்பது என்ற பேச்சு வந்தபோது, அவனுக்கு கோதாவரி பிடிக்கும், நாசிக்கில்தான் என்று முடிவாகச் சொன்னார். ரயிலில் போகலாமே என்றார்கள் சிலர். கூட்டத்தில் அவனை இடிபட விடமாட்டேன், என் வண்டியிலேயே கொண்டுபோகிறேன் என்றுவிட்டார்.

விடிந்ததும் இருவரும் கிளம்பினார்கள். சிவப்புத் துணி கட்டிய கலசத்தை அம்மிணி மடியில் வைத்துக்கொண்டாள். பிவண்டி தாண்டியதும் இடப்பக்கத்திலிருந்து ஒரு மாட்டுவண்டி ரோட்டில் ஏறியது. அதன் சக்கரம் பம்பரை உரசப்போகும் நேரத்தில்தான் அவர் பிரேக் போட்டார். தம்பி நினைப்பில் இருக்கிறார் என்று அவள் எண்ணிக்கொண்டாள்.

கஸாரா மலைப்பாதையில் ஏறும்போது மழை வலுத்தது. மேகம் ரோட்டு மட்டத்துக்கு இறங்கியிருந்தது. ஒரு வளைவில் மேலேயிருந்து லாரி ஒன்று ஹார்ன் அடித்தபடி இறங்கியது. அவர் ஸ்டியரிங்கை வெட்டித் திருப்பினார். வண்டி ஓரத்துத் தடுப்புக்கல்லில் இடித்து நின்றது. கல்லுக்கு அந்தப் பக்கம் வெறும் வெள்ளை மேகம்.

லாரி போய்விட்டது. அவர் இன்ஜினை அணைத்தார்.

"அம்மிணி, எனக்கு ரெண்டு பக்கமும் தெரியல்லை. நேரே மட்டும்தான் தெரியறது. தீபாவளிலேர்ந்து இப்படித்தான்."

அவளுக்கு முதலில் வந்தது இரக்கமில்லை, கோபம். இத்தனை மாதம் ஆபீஸ் இருக்கும் கோட்டைப் பக்கம் அத்தனை ஜனங்களுக்கு நடுவே தினம் ஓட்டியிருக்கிறார். இந்த சீட்டில் அவளும் எத்தனையோ தடவை உட்கார்ந்து வந்திருக்கிறாள். ஆனால் அதைப் பேசுகிற இடமில்லை அது. மழையில் இறங்கிச் சுற்றி வந்து அவர் பக்கத்துக் கதவைத் திறந்தாள். கலசத்தை அவர் கையில் கொடுத்தாள். அவர் அடுத்த சீட்டுக்கு நகர, ஸ்டியரிங் முன்னால் உட்கார்ந்தாள்.

முதல் தடவை இன்ஜின் நின்றுபோய் வண்டி ஒரு முழம் பின்னால் உருண்டது. ஹேண்ட்பிரேக்கை இழுத்துப் பிடித்தாள். அவர், இப்படிப் பண்ணு, அப்படிப் பண்ணு என்று ஆரம்பித்தார்.

"நீங்க பேசாம இருங்கோ," என்றாள்.

கல்யாணமான இத்தனை வருஷத்தில் அவரிடம் அவள் அப்படிச் சொன்னதில்லை. அவர் கலசத்தை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். இரண்டாவது தடவை வண்டி நகர்ந்தது. பின்னால் வந்த லாரிகள் பொறுமையிழந்து ஹார்ன் அடித்தன. அவள் அவசரப்படவில்லை.

இகத்புரியில் ஒரு டீக்கடையில் நிறுத்தினாள். டீ கிளாஸை வாங்கிப் பெஞ்சின் மேல் வைத்தாள். ஏன் சொல்லவில்லை என்று அப்போதுதான் கேட்டாள். வேலை போய்விடும் என்ற பயம் என்றார். டீயைக் குடித்து முடித்துவிட்டு, அதுமட்டும் இல்லை என்றார்.

"சொன்னா, நான் ஓட்டறேன்னு நீ சொல்லுவே. அது எனக்குப் பிடிக்கல்லை."

மனசில் இருந்ததை அப்படியே சொன்னதாலோ என்னவோ, அவள் கோபம் அங்கே பாதி குறைந்தது.

நாசிக்கில் கோதாவரியின் ராம்குண்டப் படித்துறையில் தண்ணீர் செம்மண் நிறத்தில் சுழித்து ஓடியது. படிகள் பாசி பிடித்துக் கிடந்தன. பக்கவாட்டில் இருந்த படி தெரியாமல் அவர் தடுமாற, அம்மிணி முழங்கையைப் பிடித்துக்கொண்டாள். புரோகிதர் சொன்ன மந்திரத்தைத் திருப்பிச் சொல்லிக்கொண்டே வந்தவர், தம்பியின் பெயரை மட்டும் இரண்டு தடவை சொன்னார். சாம்பல் தண்ணீரில் விழுந்து ஒரு கணம் வெளுத்துத் தெரிந்தது. பிறகு ஆறுதான் இருந்தது.

மேலே வந்தபோது வண்டிக்கு எதிரே வழியில்லாமல் ஒரு குதிரை டோங்கா நின்றது. இந்த வண்டியின் டிரைவர் எங்கே, எடுக்கச் சொல்லுங்கள் என்று டோங்காக்காரன் ஹிந்தியில் கத்தினான். சுற்றி நின்றவர்கள் வேங்கடசுப்ரமணியனைப் பார்த்தார்கள். அவர் ஈர வேஷ்டியோடு மனைவியைக் காட்டி, "டிரைவர் யஹீ ஹை," என்றார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். அம்மிணி தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, அந்தக் குறுகிய சந்தில் வண்டியைப் பின்னால் எடுத்து வழிவிட்டாள்.

அன்று ஒரு தர்மசாலையில் தங்கிவிட்டு மறுநாள் திரும்பினார்கள். அந்த வாரமே கண் டாக்டரிடம் போனார்கள். கண்ணுக்குள் அழுத்தம் ஏறி நரம்பு கெட்டிருக்கிறது, போனது போனதுதான், மிச்சத்தை மருந்து விட்டுக் காப்பாற்றலாம் என்றார் டாக்டர். மிச்சம் தங்கியது. வேலையும் போகவில்லை. நேரே இருக்கும் காகிதத்தைப் படிக்க அவருக்கு அந்தப் பார்வை போதுமாக இருந்தது.

அன்றிலிருந்து தினம் காலையில் அம்மிணிதான் பல்லார்ட் பியர் வரை கொண்டுவிட்டாள். ஆபீஸ் வாசலில் பெண்டாட்டி ஓட்டும் காரிலிருந்து இறங்க முதலில் அவருக்குக் கூச்சம். ஒரு தெரு முன்னாலேயே நிறுத்தச் சொல்வார். அவளும் நிறுத்துவாள். மறு வருஷம் மழை தொடங்கியபோது, நனைந்துகொண்டு நடப்பானேன் என்று அவரே வாசல்வரை வரச் சொன்னார்.

ஒரு சாயங்காலம் திரும்பும்போது, பைகுல்லா பாலத்தின் மேல் நெரிசலில் வண்டி ஊர்ந்துகொண்டிருந்தது. அவர் ஏதோ பேசிக்கொண்டே வந்தவர், பேச்சை நிறுத்திவிட்டார். திரும்பிப் பார்த்தாள். அவள் ஓட்டும் காரில் அவர் தூங்கிப்போனது அதுதான் முதல் தடவை. வீடு வரும்வரை அவள் ஹார்ன் அடிக்கவேயில்லை.