தேங்காய் உடைத்து வரவேற்ற கேம்

பசறை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கம்ப்யூட்டர் கேம் கடை வைத்திருக்கிறேன். மலைப்பாதையில் பஸ் ஓட்டும் புது கேம் ஒன்று வரப்போகிறது என்று வாசலில் போர்டு எழுதி வைத்தேன். கேம் வருவதற்குள் சில தீபாவளிகள் போயின, போர்டும் வெளுத்துவிட்டது. கடைசியில் கொழும்பிலிருந்து பெரிய விலை கொடுத்து வாங்கிவந்து, கம்ப்யூட்டருக்குச் சந்தனப் பொட்டு வைத்து, வாசலில் தேங்காய் உடைத்தேன். மலைமேல் இருக்கும் மடுல்சீமையிலிருந்து முதல் பஸ்ஸிலேயே கூட்டம் வந்துவிட்டது.

முதல் வளைவிலேயே கேமில் ஓடிய பஸ், பாதையை விட்டு விலகியது. பள்ளத்தில் விழவும் இல்லை, அந்தரத்தில் ஓடியது. திருப்பினால் மலைக்குள் புகுந்தது.

"இதுக்கா இம்புட்டு நாளா காத்துக்கிட்டு இருந்தோம்?" என்று ஒருவர் கோபமாக எழுந்தார். மற்றவர்களும் எழுந்தார்கள். கடையை நொறுக்கிவிடுவார்களோ என்று கம்ப்யூட்டருக்கு முன்னால் போய் நின்றேன்.

அப்போது அவர்களை ஏற்றி வந்த பஸ் டிரைவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"அடடா, நம்ம மடுல்சீமை ரோட்டுல இப்புடிப் பறக்க முடிஞ்சா எம்புட்டு நல்லாருக்கும்! தள்ளுங்க, நான் ஒருக்கா ஓட்டிப் பாக்குறேன்."

கடையே சிரித்தது. மாலை வரை பஸ்ஸைப் பறக்கவிட வரிசையில் நின்றார்கள்.

இப்போதும் புது கேமுக்குப் பூசை உண்டு. ஆனால் முதலில் நானே விளையாடிப் பார்த்துவிட்டுத்தான் தேங்காயைக் கையில் எடுக்கிறேன்.