வாய் திறக்கக் கூடாத கதிரை

யோசப்பீன் மிஸ் பால்மா டின்னைக் குலுக்கிக்கொண்டே வகுப்புக்குள் நுழைகிறார். டின்னுக்குள் மடித்த சீட்டுகள்: ரமழான் நோன்பு, சீக்கியரின் தலைப்பாகை, பாவசங்கீர்த்தனம் என்கிற பாவமன்னிப்பு, தோப்புக்கரணம். சொந்தச் சமயத்துச் சீட்டு வந்தால் திரும்ப டின்னுக்குள் போட்டுவிட வேண்டும். "தன்ர சமயத்தைப் பற்றி ஆரும் அளக்கலாம். மற்றவன்ர சமயத்தைச் சொல்லு பாப்பம்!" என்பார், முதலில் தமிழில், பிறகு ஆங்கிலத்தில். தமிழ் தெரியாத பிள்ளைகளும் முதல் தடவையிலேயே சிரித்துவிடுவார்கள்.

புலம்பெயர்ந்தவர்கள் நிறைந்த பரமட்டாவுக்கு அப்பால் உள்ள கத்தோலிக்கப் பள்ளி அது. பெயர்தான் கத்தோலிக்கம். மிஸ் நடத்தும் பதினோராம் வகுப்புச் சமயப் பாடத்தில் இருக்கிற பன்னிரண்டு பேருக்குள் ஐந்து சமயம். ஆறாவதாக, "ஒண்டுமில்லை" என்கிற கூட்டம் ஒன்று.

மிஸ்ஸுக்கு ஐம்பத்தேழு வயது, ஊர் மன்னார்ப் பேசாலை. இறைச்சி விலக்கிய தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில், பிள்ளைகள் பொரித்த கோழி தின்னும் மேசையருகே வேண்டுமென்றே மெதுவாக நடப்பார். ஆழமாக மூச்சை இழுத்து, "மணக்கிறது பாவமில்லை" என்பார். காலைப் பிரார்த்தனையில் ஒரு கண் திறந்தே இருக்கும். பள்ளி அதிபர் ஒருநாள் கண்டுபிடித்துக் கேட்டதற்கு, "ஆர் கண் மூடேல்லை எண்டு பாக்க ஒரு ஆள் முழிச்சிருக்கத்தானே வேணும்?" என்றார். அதிபர் எப்படிப் பார்த்தார் என்று பதிலுக்குக் கேட்காமல் விட்டது மிஸ்ஸின் பெருந்தன்மை!

வகுப்பின் கடைசியில் ஒரு கதிரை உண்டு. ஒரு பிள்ளை எந்தச் சமயத்தைப் பற்றிப் பேசுகிறதோ, அந்தச் சமயத்தில் பிறந்த ஒருவர் அதில் உட்கார்ந்து கேட்க வேண்டும். எவ்வளவு பிழையாகச் சொன்னாலும் பேச்சு முடியும்வரை வாய் திறக்கக் கூடாது. திறந்தால், வகுப்பு கேட்கும் கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும்.

போன செவ்வாய்க்கிழமை ஈஸ்வரமூர்த்தி வந்தது வகுப்பு தொடங்குகிற நேரத்தில். கோயம்புத்தூர்க்காரர், கம்ப்யூட்டர் வேலை; அக்ஷராவின் அப்பா. கையில் பாடத்தை மாற்றும் படிவம். மிஸ் கையெழுத்துப் போட்டால் அக்ஷரா வேறு பாடத்துக்குப் போய்விடுவாள். பன்னிரண்டுக்கு ஒருவர் குறைந்தாலும் வகுப்பை மூடிவிடுவதாக அதிபர் ஏற்கெனவே சொல்லியிருந்தார்.

"என்ற பொண்ணுக்குப் பாவமன்னிப்புச் சீட்டுக் குடுத்திருக்கீங்க மேடம். வீட்ல பிராக்டிஸ் பண்றாளாம். சாப்பிடறப்ப பாதிரியார் மாதிரி உட்கார்ந்துக்கிட்டு, 'கடைசியா என்ன பாவம் செஞ்சீங்கப்பா?'ன்னு கேக்கறா மேடம். அதுவும் அவங்க அம்மா முன்னாடி!"

"சொன்னனீங்களோ?"

"மேடம்! விளையாடாதீங்க. மதம் மாத்தறீங்களா?"

"உங்கட பிள்ளையையோ? ஆறு மாசமா அந்த ஜன்னல் கரையில இருந்து அவவை எழுப்பி வேற இடத்தில இருத்தவே எனக்கு ஏலேல்லை, தம்பி."

சிரித்தாரே தவிர, மிஸ்ஸின் கண் படிவத்தை விட்டு நகரவில்லை. "ஒரு வகுப்பு இருந்து பாருங்கோ. அதுக்குப் பிறகும் வேணுமெண்டா சைன் வைக்கிறன்" என்று அவரைக் கடைசிக் கதிரைக்குக் கூட்டிப்போனார். அக்ஷரா தலையைக் கவிழ்த்துக்கொண்டாள்.

அன்று தோப்புக்கரணம். பேச வந்தது சமீரா, லெபனான் குடும்பத்துப் பெண். பிள்ளையார் கோயிலில் இப்படித்தான் செய்வார்கள் என்று வலது கையால் வலது காதையும் இடது கையால் இடது காதையும் பிடித்து உட்கார்ந்து எழுந்தாள். ஈஸ்வரமூர்த்தி நெளிந்தார். இரண்டாம் தரம். செருமினார். மூன்றாம் தரம் தாங்கவில்லை. "கையை மாத்திப் பிடிக்கோணும்மா!" என்று எழுந்தே விட்டார். அப்பா, ஐயோ, அப்பா என்று அக்ஷரா முனகுவதற்குள், அலுவலகச் சட்டையும் கழுத்து அட்டையுமாக மூன்று போட்டுக் காட்டினார்.

மிஸ் கைதட்டினார். "வாய் திறந்தாச்சு. கேளுங்கோ பிள்ளையள்!"

சமீரா ஆங்கிலத்தில் கேட்டாள்: "அங்கிள், ஏன் செய்றீங்க?"

"அது... ரத்த ஓட்டத்துக்கு..." என்று ஆங்கிலத்தில் ஆரம்பித்தவர், பன்னிரண்டு முகங்களையும் பார்த்து நிறுத்தினார். "உண்மையிலேயே தெரியலைங்க. எங்கப்பா செய்வார், நானும் செய்வேன். அவர்கிட்டக் கேக்கணும்னு தோணவே இல்லை." குரல் இறங்கிப்போனது.

மன்னார்க் கத்தோலிக்கப் பையன் ஜனுஷன் கையைத் தூக்கினான். பிள்ளையார் குழந்தையாக இருந்தபோது விஷ்ணுவின் சக்கரத்தை விழுங்கிவிட்டாராம். அதட்டிப் பார்த்தும் துப்பவில்லை. கடைசியில் விஷ்ணுவே காதைப் பிடித்துக்கொண்டு குந்தி எழும்ப, குழந்தை விழுந்து விழுந்து சிரித்ததில் சக்கரம் வெளியே வந்து விழுந்ததாம்.

"அட! சாமியே போட்டதா?" என்றார் ஈஸ்வரமூர்த்தி. அக்ஷரா மெல்லத் தலை நிமிர்ந்தாள்.

மணி அடித்தது. பிள்ளைகள் போனதும் மிஸ் பேனாவைத் திறந்தபடி கை நீட்டினார். வாக்கு வாக்குத்தான். "தாங்கோ, சைன் வைப்பம்."

அவர் படிவத்தைக் கொடுக்கவில்லை. "பாவமன்னிப்புப் பத்தி எங்க பொண்ணு எப்ப பேசறா?"

"வாற கிழமை."

"அன்னிக்குப் பின்னால உட்கார்றது?"

"நான்தான். கத்தோலிக்க வேதக்காரி எல்லோ?"

"அவ ஏதாச்சும் தப்பாச் சொன்னா என்னங்க பண்ணுவீங்க?"

"பல்லைக் கடிச்சுக்கொண்டு இருப்பன், தம்பி. வேற வழி?"

ஈஸ்வரமூர்த்திக்கு முதல் தடவையாகச் சிரிப்பு வந்தது. "அப்ப அவ பேசட்டுங்க" என்று படிவத்தை நாலாக மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு போனார்.

மிஸ் கதவு வரை போய் நடைபாதையை இரண்டு பக்கமும் பார்த்தார். ஒருவரும் இல்லை. கதவைச் சாத்திவிட்டு வந்து, இடது கையால் வலது காதையும் வலது கையால் இடது காதையும் பிடித்துக்கொண்டு, முழங்கால் நெறுநெறுக்க, ஒரு தரம் குந்தி எழும்பினார்.