ஒன்றுமில்லை என்று வந்த செய்தி

தனசேகர் போய்விட்டார் என்று அவர் மனைவி ஃபோனில் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, ஆத்திரம். ஒரு வாரமாக நெஞ்சு வலித்திருக்கிறது. வீட்டில் சொல்லவில்லை, நந்தனம் ஆபீசில் பக்கத்து நாற்காலியில் இருந்த என்னிடமும் சொல்லவில்லை. ஏன் முகம் வாடியிருக்கிறது என்று கேட்டதற்கு வெறும் கேஸ் ட்ரபிள் என்றார். வாயைத் திறந்து சொல்லு என்று ஊரார் உயிரையெல்லாம் வாங்கிய மனுஷன் செய்கிற வேலையா இது?

அவரோடு வேலை பார்த்தவர்களுக்குத் தெரியும், ஒரு நாளை ஓட்டுவதே பெரும்பாடு. மீன்பிடிப் படகுகளுக்கு வானிலை எச்சரிக்கை அனுப்பும் மென்பொருள் எங்களுடையது. படகில் இருக்கும் கருவிக்கு அவர் சி என்ற நிரல் மொழியில் எழுதினார். எச்சரிக்கையைத் தயாரிக்கும் பகுதியை நான் பைத்தான் என்ற வேறொரு மொழியில் எழுதினேன். பைத்தானுக்கு 'காற்று' என்பது எழுத்து, சி மொழிக்கு வெறும் எண்களின் வரிசை. இங்கிருந்து அங்கே போகும்போது யாராவது மாற்றித் தர வேண்டும். தானாக மாற்றிக்கொள்ளும் வசதி உண்டு, ஒரே ஒரு வரி. அந்த வரியை அவர் போட விடவே மாட்டார். ஒவ்வொரு இடத்திலும், இது தமிழ், இந்த முறையில் மாற்று என்று கையால் எழுத வேண்டும். மறந்தால் மொத்த வேலையும் நின்று, திரையில் சிவப்பாகப் பிழை வரும். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அதுவே மாத்திக்கட்டுமே, உங்களுக்கு என்ன கஷ்டம்?" என்று ஒருமுறை கேட்டே விட்டேன்.

"தெரிஞ்சா மாத்தும். தெரியலன்னா இன்னா பண்ணும்? கம்முனு முழுங்கிடும். எனக்கு அது கத்தணும்மா" என்றார் தனசேகர் தன் ராயப்பேட்டைத் தமிழில், டீயை உறிஞ்சிக்கொண்டே.

அவர் வெளியூர் போயிருந்தபோது மேலாளர் பொறுமை இழந்து அந்த வரியைப் போட வைத்தார். ஆங்கிலத்தில் சோதித்தார்கள், ஜம்மென்று போனது. அது எல்லாவற்றையும் ஆங்கிலம் என்றே எடுத்துக்கொள்ளும், புரியாததைச் சத்தமில்லாமல் விட்டுவிடும் என்பது யாருக்கும் உறைக்கவில்லை. நொச்சிக்குப்பத்து மீனவர்களுக்குப் போன தமிழ் எச்சரிக்கை காலியாகப் போய்ச் சேர்ந்தது. அன்று காலைதான் திரும்பியிருந்த தனசேகர், விஷயம் தெரிந்ததும் என்னையும் இழுத்துக்கொண்டு கடற்கரைக்கு ஓடினார். வலையை ஏற்றிக்கொண்டிருந்த ஒருவர் கருவியை நீட்டினார்.

"ஒண்ணும் இல்லன்னுதான் வந்துகீது நைனா. அதான் கெளம்பிக்கினு கீறோம்."

நாங்கள் சொன்னதும் அவர்கள் நின்றுவிட்டார்கள். ஆனால் அதற்குள் ஒரு படகு போயிருந்தது. அது திரும்பும்வரை சேகர் மணலில் உட்கார்ந்து மேலாளர் முதல் என்வரை ஒருவர் விடாமல் திட்டித் தீர்த்தார். "மெசேஜே வரலன்னா கேட்டிருப்பான். காலியா வந்தா நம்பிக்கினு போறான்" என்று அதையே திரும்பத் திரும்பச் சொன்னார். படகில் போனவர்கள் நனைந்து நடுங்கி வந்து சேர்ந்தபோது எழுந்து, அந்த வரியை நீக்க ஆபீசுக்குக் கிளம்பினார்.

தனசேகரின் காரியம் முடிந்த மறுநாள் மேலாளர் என் மேசைக்கு வந்தார். இந்தமுறை தமிழ் என்று சரியாகவே வைத்து, தானாக மாறும்படி செய்துவிடலாமே என்று தயங்கித் தயங்கிக் கேட்டார். ஒருகாலத்தில் நானே கேட்ட கேள்விதான். முடியாது, நாளைக்கு வேறு ஏதாவது புரியாமல் போனால் அதையும் சத்தமில்லாமல் முழுங்கும் என்றேன். என் குரல் எனக்கே முரட்டுத்தனமாகக் கேட்டது.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்தத் தொல்லையைத்தான். நேற்று புதிதாக எழுதிய ஓரிடத்தில், இது தமிழ் என்று குறிக்க மறந்துவிட்டேன். எல்லாம் நின்று திரை சிவந்தது. எச்சரிக்கை போயாக வேண்டிய நேரம். செத்தும் கழுத்தை அறுக்கிறீர்களே என்று வாய்விட்டே திட்டிக்கொண்டு மாற்றும் முறையைக் கையால் எழுதினேன். செய்தி தமிழில் முழுதாகப் போய்ச் சேர்ந்தது. நொச்சிக்குப்பத்துப் படகுகள் நேற்று கரையை விட்டு நகரவில்லை.