பச்சைத் தொப்பி ஓட்டம்

உங்களுக்கு ஏன் இந்த விடுப்பு, இந்தத் துருவல்? மகள் வீட்டு அலுமாரியில் ஒரு பச்சைத் தொப்பி இருந்தால் இருந்துவிட்டுப் போகட்டுமே. விடமாட்டீர்கள். சரி, கேளுங்கள்.

ஜெர்மனிக்கு அகதியாக வந்து இரண்டாவது பங்குனி. எங்கள் முகாமுக்குப் பக்கத்தில் பியர்க்கடை வைத்திருந்த ஐரிஷ்காரர், தன் நாட்டுத் திருநாளுக்கு ஓட்டப்போட்டி வைத்தார். வளர்ந்த ஆட்கள் பச்சைத் தொப்பியும் செம்மஞ்சள் ஒட்டுத்தாடியுமாகக் குளிரில் துள்ளிக்கொண்டு நின்றார்கள். ஊரிலென்றால் பிடித்து வேப்பிலை அடித்திருப்பார்கள்.

எனக்கு ஓட்டத்தில் என்ன ஆசை? பக்கத்து மாவட்டத்து முகாமில் இருந்த மகளுக்குப் பெண்குழந்தை பிறந்திருந்தது. அகதிகள் தங்கள் மாவட்டத்தைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். கந்தோரில், அதுதான் அகதிகள் அலுவலகத்தில், அனுமதி கேட்டேன். குழந்தைக்கு வருத்தமா என்று கேட்டார்கள். நல்ல சுகம் என்றேன். சுகமென்றால் அனுமதி இல்லையாம். பிறகுதான் மகள் போனில் சொன்னாள்: "அம்மா, அந்த ஓட்டம் எங்கடை சேர்ச்சடிக்கு வந்துதான் திரும்புமாம்."

சேலைக்கு மேலே ஜாக்கெட், காலில் யாரோ தந்த சப்பாத்து, தலையில் ஐரிஷ்காரர் கொடுத்த தொப்பி. ஓடினேன் என்று சொன்னால் சப்பாத்தே சிரிக்கும். மாவட்ட எல்லைப் பலகையடியில் ஒரு பொலிஸ்காரர் நின்றார். ஊரில் ஆமியைக் கண்டால் கையைத் தூக்கிப் பழகிய உடம்பு. என்னைக் கேளாமலே இரண்டு கையும் மேலே போய்விட்டன. அவர் என்னைப் பார்த்தார். பிறகு தானும் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு, "வைட்டர், ஓமா, வைட்டர்!" என்று கத்தினார். போ அம்மம்மா, போ என்று அர்த்தம். சந்தோசத்தில் கை தூக்குகிறேன் என்று நினைத்தாராக்கும். என்னை முதன்முதல் அம்மம்மா என்று கூப்பிட்டது அந்தப் பொலிஸ்தான்.

சேர்ச் வாசலில் மகள் குழந்தையோடு நின்றாள்.

"என்னம்மா இது கோலம்!"

"கோலத்தைப் பிறகு பார். பிள்ளையைத் தா."

குழந்தை தொப்பியின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு விடவில்லை. ஒட்டுத்தாடிகள் எல்லாம் எங்களைச் சுற்றித் திரும்பிப் போய்க்கொண்டிருந்தன.

"வெளிக்கிடுங்கோ அம்மா, கடைசி ஆளும் போகுது. தனிய நிண்டால் பிடிச்சுப் போடுவாங்கள்."

தொப்பியை விட்டுவிட்டு ஓடினேன். அப்போது மட்டும் உண்மையாகவே ஓடினேன்.

முகாமில் சனம் சூழ்ந்துகொண்டது. இந்தக் கதை கந்தோர்க் காதுக்குப் போனால் வழக்கு வரும்.

"எங்கையக்கா தொப்பி?"

"காத்து அடிச்சுக்கொண்டு போட்டுது."

"கண் ஏன் சிவந்திருக்கு?"

"அதே காத்துத்தான்."

"ஓட்டம் எப்பிடி?"

"நல்ல ஓட்டம் பிள்ளையள். வெளிக்கிட்ட இடத்துக்கே திருப்பிக் கொண்டுவந்து விடுறாங்கள். ஊரிலையிருந்து நாங்கள் ஓடின ஓட்டத்திலை அந்த வசதி இருக்கேல்லையே!"