இராஜதுரை வீட்டு இரண்டாவது வாக்கு

என் தோழி சிறிதேவிக்கு வாக்குப்பெட்டி என்றால் பைத்தியம். ஒஸ்லோவில் தபால் பிரிக்கும் நிலையத்தில் வேலை. விடியற்காலையிலேயே கடிதங்களோடு மல்லுக்கட்டுபவள், நகரசபைத் தேர்தல் வந்தால் மட்டும் லீவு எடுத்துக்கொண்டு ரொம்மன் வாக்குச்சாவடியில் வாக்குச்சீட்டுக்கு முத்திரை குத்தப் போவாள். அன்றைக்கு அவள் முகத்தைப் பார்க்க வேண்டும், கலியாண வீட்டுக்காரி தோற்றுப்போவாள்.

காரணம் இல்லாமல் இல்லை. இருபது வயதில், ஊரில் முதல்முதலாக வாக்குப் போட நல்ல சேலை உடுத்திக்கொண்டு போயிருக்கிறாள். மேசையில் இருந்தவர் பட்டியலைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, உங்கடை வோட்டுப் போட்டாச்சு" என்றாராம். யாரோ கள்ள வோட்டுப் போட்டுவிட்டார்கள். வரிசையில் நின்றவர்கள் சிரிக்க, அழுதுகொண்டு வீட்டுக்கு நடந்தாள். அதற்கடுத்த வருடமே நாட்டை விட்டு வந்துவிட்டாள்.

இங்கே பதினொரு ஊர்த் தமிழ்ச் சங்கங்களுக்கும் சேர்த்து ஒரு ஒன்றியம் இருந்தது. அதன் தலைமைத் தேர்தல் அதிகாரியைப் பழைய நிர்வாகமே நியமிக்கும். ஒவ்வொரு முறையும் தோற்றவர்கள், தங்கள் ஆளை வைத்து வென்றுவிட்டார்கள் என்று குமுறுவார்கள். 2007ஆம் ஆண்டுக் கூட்டத்தில் சிறிதேவி எழுந்து, "தேர்தல் நடத்திற ஆளையும் நாங்களே வோட்டுப் போட்டு எடுப்பம்" என்றாள். மண்டபம் அதிரக் கைதட்டினார்கள். அந்தச் சூட்டோடு அந்தப் பதவிக்குத் தானே போட்டியிடப்போவதாகவும் சொல்லிவிட்டாள்.

எதிரே நின்றவர் வரதராசா அண்ணை. மைக் கிடைத்தால் லேசில் விடமாட்டார், மற்றபடி நல்ல மனிதர். நானும் சிறிதேவியும் இரண்டு மாதம் ஒஸ்லோவில் மோர்டென்ஸ்ருட்டிலிருந்து குரோருட் வரை மாடிப்படி மாடிப்படியாக ஏறி இறங்கினோம். என் முழங்கால் இன்றைக்கும் அந்தத் தேர்தலை மறக்கவில்லை. அவளுக்கோ களைப்பே கிடையாது. "அனஸ்ரேசியா, நான் வெண்டால் ஒருத்தரையும் வோட்டுப் போடாமல் திருப்பி அனுப்பவிடன்" என்று என்னிடம் சொன்னதையே வீட்டுக்கு வீடு சொன்னாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லா ஊர்களிலும் வாக்களிப்பு. ஒஸ்லோவுக்கு குரோருட்டில் ஒரு மண்டபம். ஐந்து மணிக்குக் கதவு சாத்த வேண்டும். மூன்று மணிக்கே சனம் வாசல்வரை நின்றது. வேட்பாளர்கள் இருவரும் ஆளுக்கொரு மூலையில் இருந்தார்கள்.

ஐந்துக்கு ஏழு நிமிடம் இருக்கும்போது யோகம்மா அக்கா மூச்சிரைக்க ஓடி வந்தார். வரதராசா அண்ணையின் ஒன்றுவிட்ட தங்கை. வரும்போதே, "வரதண்ணைக்குப் போட வந்தனான்" என்று ஊருக்கே கேட்கச் சொன்னார். பட்டியலோடு இருந்த தயாபரன் விரலால் தேடிவிட்டு நிமிர்ந்தான்.

"அக்கா, உங்கடை வோட்டுப் போட்டாச்சு."

எனக்கு உள்ளுக்குள் ஒரே சந்தோஷம், ஏன் ஒளிக்கவேணும்? ஆனால் சிறிதேவி கதிரையை விட்டு எழும்பிவிட்டாள். நான் அவள் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தேன்.

"விசரே உனக்கு? அவ உனக்கோ போடப்போறா?"

"விடடி" என்று தலைப்பை உருவிக்கொண்டு போனாள்.

வரதராசா அண்ணை எழும்பி, மறுபடியும் உட்கார்ந்தார். தான் கதைத்தால் தன் வாக்குக்காகக் கதைப்பதாக நினைப்பார்கள் என்று தவித்துக்கொண்டிருந்தார். சிறிதேவி பட்டியலைத் திருப்பிப் பார்த்தாள். நோர்வே முறைப்படி குடும்பப் பெயர் முன்னால், சொந்தப் பெயரின் முதலெழுத்துப் பின்னால். தமிழில் என்றால் 'யோ', 'ய' என்று வேறுபடும், நோர்வே எழுத்தில் இரண்டு வரியிலும் 'இராஜதுரை Y' என்று ஒரே மாதிரி இருந்தது. யோகம்மா அக்காவுக்கு இராஜதுரை புருஷன், மகள் யதுர்ஷாவுக்குத் தகப்பன். இரண்டு பேருக்கும் அவர் பெயர்தான் குடும்பப் பெயர்.

"எங்கடை வீடுகளுக்கு வாற கடிதங்களிலை நான் ஒவ்வொரு நாளும் படுற பாடு இது" என்றாள் சிறிதேவி. "காலமை மகள் போட்டிருப்பா. நீ ஒரு வரியிலை கோடு போட்டிருக்கிறாய். மற்ற வரி வெறுமையாக் கிடக்கு, பார்."

தயாபரனுக்கு வியர்த்துவிட்டது. "மகள் சொல்லாமல் நான் எப்பிடியக்கா நம்பிறது? அஞ்சு மணிக்குக் கதவு பூட்டோணும்."

யதுர்ஷா வேலைக்குப் போயிருந்தாள். சிறிதேவி கைத்தொலைபேசியில் அழைத்தாள், எடுக்கவில்லை. மறுபடியும், எடுக்கவில்லை. மண்டபமே மணிக்கூட்டைப் பார்த்தது. மூன்று நிமிடம். இரண்டு. என் பாழாய்ப்போன மனம் எடுக்காதே, எடுக்காதே என்றது. ஒரு நிமிடம் இருக்கும்போது யதுர்ஷா எடுத்துவிட்டாள்.

"ஓம் அன்ரி, பத்து மணிக்கே போட்டிட்டன். ஏன்?"

சிறிதேவி தொலைபேசியைத் தயாபரனின் காதில் வைத்தாள். அவன் கேட்டுவிட்டு வாக்குச்சீட்டை நீட்டினான். யோகம்மா அக்கா புள்ளடி போட்டு, மடித்து, பெட்டிக்குள் போட, பின்னால் கதவு சாத்தப்பட்டது.

ஆறு மணிக்குள் மற்ற ஊர்களின் முடிவுகள் தொலைபேசியில் வந்து சேர்ந்தன. பேர்கன் எங்களுக்கு, ஸ்தவாங்கர் அவர்களுக்கு, துரொண்ட்ஹைம் எங்களுக்கு! நான் துள்ளிக் குதித்தேன். ஒஸ்லோப் பெட்டியை மூன்று தரம் எண்ணினார்கள். எல்லா ஊரும் சேர்த்து, மூன்று தரமும் ஒரே முடிவு. வரதராசா 412. சிறிதேவி 411.

எனக்கு வாயில் வந்த சொற்களை இங்கே எழுத முடியாது. சிறிதேவியின் கண்கள் நிறைந்துவிட்டன. எழும்பிப் போய் வரதராசா அண்ணைக்குக் கை கொடுத்தாள். அவர் அவள் கையை விடாமல் நின்றார், நீட்டிய மைக்கை மற்றக் கையால் தள்ளிவிட்டார்.

யோகம்மா அக்கா அழுதுகொண்டு வந்தார். "தேவி, என்ரை ஒரு வோட்டாலை தோத்திட்டியே!"

"ஓம் அக்கா" என்று சிறிதேவி கண்ணைத் துடைத்தாள். "உங்கடை வோட்டை நீங்கள்தானே போட்டனீங்கள். எனக்கு அது போதும்."

என் கோபம் அதோடு போய்விட்டது என்று சொன்னால் பொய். ரயிலில் ரொம்மன் வரை நான் அவளோடு ஒரு வார்த்தை கதைக்கவில்லை. ஆனால் அவள் பையை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன்.