பேர் பொருத்தம்

பழனி அடிவாரத்தில் பூக்கடை வைத்திருந்த சுவாமிநாதனின் மகள் தாரணியை மலைமேல் வில்பட்டியில் கட்டிக்கொடுத்துப் பதினாறு வருஷம் ஆகிறது. பெண் பார்க்க வந்த அன்று, பத்துப் பொருத்தத்தில் நாலுதான் தேறுகிறது என்று ஜோசியர் உதட்டைப் பிதுக்கினார். மாப்பிள்ளையின் அம்மா கந்தம்மாள்தான் விடவில்லை. "எங்களுக்குப் பேர் பொருத்தம் ஒண்ணு போதுங்க," என்று தட்டை மாற்றச் சொன்னாள். எவ்வளவு நல்ல மனசு என்று சுவாமிநாதன் கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் சொல்லிச் சொல்லி மாய்ந்துபோனார்.

தாலி கட்டிய அன்று மாப்பிள்ளை செந்தில்வேலின் முன்கையில் தன் பேர் பச்சை குத்தியிருந்ததைப் பார்த்ததும் தாரணிக்குத் தலைகால் புரியவில்லை. "நிச்சயம் முடிஞ்ச மறுநாளே குத்திட்டேன்," என்றான் அவன். மறுவீடு வந்தவள், அடிவாரத்தில் பச்சை குத்தும் மெஷின் வைத்திருந்தவரிடம் நேரே போய்த் தன் கையில் அவன் பேரைக் குத்திக்கொண்டாள். கை வீங்கி மூன்று நாள் காய்ச்சல். அதையும் பெருமையாகத்தான் சொல்லுவாள். பூண்டுக் காட்டில் கூலிக்குப் போன இடத்தில் எவளாவது புருஷனைத் திட்டினால் போதும், "எங்க வீட்டுக்காரரு பாரு" என்று கதையை எடுத்துவிடுவாள். கேட்கிறவளுக்கு வயிறு எரியும். எரியத்தானே செய்யும்?

இப்போது அவளுக்கு வட்டக்கானல் விடுதி ஒன்றில் அறை கூட்டும் சோலி. கையிலிருந்த எழுத்து ஊறி, புள்ளிகள் கரைந்து, 'செந்தில்வேல்' என்று தெரிந்தவர்கள்தான் படிக்க முடியும். விடுதி வாசலில் சீசனுக்கு டாட்டூ கடை போட்டிருந்த குகனிடம், வீட்டுக்காரர் கையிலிருப்பதையும் சேர்த்துப் புதுப்பிக்க முடியுமா என்று கேட்டாள்.

"பாதிப் பேரு அழிக்கத்தான் வர்றாங்க. நீங்க புதுப்பிக்கக் கேக்குறீங்களேக்கா!" என்று சிரித்தான் குகன். "அண்ணன் கையக் காட்டுங்க."

கைபேசியிலிருந்த கல்யாணப் படத்தை நீட்டினாள். அவன் பெரிதாக்கிப் பார்த்தான்.

"கல்யாணத்துக்கு எத்தனை மாசம் முன்னாடி குத்துனது?"

"ரெண்டு மாசம்."

"இருக்காதுக்கா. ரெண்டு மாசத்துப் பச்சை கன்னங்கரேல்னு இருக்கும். இது அப்பவே வெளுத்து ஊறிப்போய்க் கெடக்கு. ஏழெட்டு வருஷமாச்சும் இருக்கணும்." சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டான்.

தாரணி படத்தை வாங்கிப் பார்த்தாள். வீட்டுச் சுவரில் பதினாறு வருஷமாகத் தொங்குகிற அதே படம். கல்யாணத்துக்கு ஏழெட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். மாமியார் சொன்ன பேர் பொருத்தம் ஜாதகத்தில் பார்த்ததல்ல. மகன் கையில் பார்த்தது. எத்தனை பேரிடம் கையை நீட்டிக் காட்டியிருக்கிறாள்! வெட்கம் பிடுங்கித் தின்றது.

சாயங்காலம் செந்தில்வேல் ஜீப்பில் கூட்டிப்போக வந்தான். பாதி வழியில் கேட்டாள்: "என் பேரு வேறயா இருந்திருந்தா என்னையக் கட்டியிருப்பீங்களா?"

அவன் முகம் செத்துப்போனது. ஜீப்பை வளைவில் திருப்பினான். "அது பழைய கதை. அவ எங்க இருக்கான்னுகூடத் தெரியாது," என்றான்.

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை.

வீட்டு வாசலில் ஜீப்பை நிறுத்தினான். அவள் இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"தாரணி," என்று மெதுவாகக் கூப்பிட்டான்.

அவள் திரும்பவில்லை. யாரைக் கூப்பிடுகிறான் என்று அவளுக்குத் தெரியவில்லை.