மாலையைக் கழற்றிய கீதா

கீதா போன ஆடியில் இறந்துபோனாள். ஆரணியில் அவளைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் சொல்வது அவளுடைய நின்றுபோன கல்யாணத்தைத்தான். அது தானாக நிற்கவில்லை, அவள் நிறுத்தினாள். நான் பக்கத்திலேயே இருந்தேன். அதனால் நடந்ததை நானே சொல்லிவிடுகிறேன்.

என் பெயர் கலையரசி, ஊர் சந்தவாசல். அப்பா சடையன் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை பார்த்தவர். ஆறாம் வகுப்புக்கு ஆரணிப் பள்ளியில் சேர்ந்தபோது, உயரமான பிள்ளைகள் என்று என்னையும் கீதாவையும் கடைசி பெஞ்சில் உட்கார வைத்தார்கள். பன்னிரண்டாம் வகுப்பு முடியும்வரை நாங்கள் அந்த இடத்தை விட்டு நகரவில்லை. அவள் அப்பா கந்தசாமிக்குச் சொந்தத்தில் நான்கு தறி, வீட்டில் எந்நேரமும் பட்டு நூல். நான் மஞ்சள் என்று சொல்கிற நிறத்தை அவள் கடுகுப்பூ, மாம்பழம், எலுமிச்சை என்று பிரித்துச் சொல்வாள். தெரியாததையும் அதே தைரியத்தோடு சொல்வாள். வரலாற்று டீச்சரிடம் அரசர்களின் ஆண்டுகளை மாற்றிச் சொல்லிவிட்டு, புத்தகத்தில்தான் தப்பு இருக்கும் என்று வாதாடியவள்.

பள்ளி முடிந்து நான் நர்சிங் படிக்கப் போனேன். அவள் வீட்டில் இருந்தபடியே பி.காம். முடித்தாள். இருபத்து மூன்று வயதில் அவளுக்கு வரன் அமைந்தது. மாப்பிள்ளை குமரேசன், வெளியூரில் பட்டுக்கடை வைத்திருந்த குடும்பம். அவளுக்கும் பிடித்திருந்தது. நிச்சயம் முடிந்த பிறகு அவனோடு போனில் பேசியதை ஒன்று விடாமல் என்னிடம் ஒப்பிப்பாள்.

கல்யாணத்துக்கு முந்தின நாள் மாலை மண்டபத்தில் வரவேற்பு. வேலூரில் டியூட்டி முடித்து நேராக வந்திருந்தேன். பசி. மேடையில் கூட்டமாக இருந்ததால் முதலில் சாப்பிட்டுவிடலாம் என்று பந்தியில் உட்கார்ந்தேன். இலை போட்டு உப்பு வைத்தார்கள். மாப்பிள்ளையின் பெரியப்பா பந்தியை மேற்பார்வை பார்த்தபடி வந்தார். எந்த ஊர் என்று கேட்டார். யார் வீட்டுப் பெண் என்று கேட்டார். நான் சொன்னேன், மறைக்க என்ன இருக்கிறது? அவர் குரலை உயர்த்தவில்லை. பாத்திரம் கழுவுகிறவர்கள், பந்தல்காரர்களோடு கடைசிப் பந்தியில் சாப்பிடலாம், இப்போது எழுந்து இடம் விடு என்றார்.

எழுந்துவிட்டேன். அழவில்லை. பரிசைக் கொடுத்துவிட்டு பஸ் பிடிக்கலாம் என்று மேடை ஏறினேன். கீதா என் முகத்தைப் பார்த்தாள். சாப்பிட்டாயா என்று கேட்டாள். ஆயிற்று என்றேன். ஏழு வருஷம் ஒரே பெஞ்சில் இருந்தவளிடம் அது எடுபடவில்லை. நடந்ததைச் சொல்ல வைத்தாள்.

அவள் குமரேசனிடம் திரும்பி, பெரியப்பாவைக் கூப்பிட்டுப் பேசச் சொன்னாள். அவன் கெட்டவன் இல்லை. சிரித்துக்கொண்டே, போட்டோவுக்கு நின்றபடியே சொன்னான்: "பெரியவங்க அப்படித்தாங்க. கடைசிப் பந்தில உக்காந்தா இன்னா, சாப்பாடு ஒண்ணுதானே?"

கீதா கழுத்து மாலையைக் கழற்றி நாற்காலிமேல் வைத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டு மேடையை விட்டு இறங்கினாள். வீடியோக்காரர் விளக்கைத் தூக்கிக்கொண்டு பின்னாலேயே வந்தார்.

பந்தியில் இரண்டு இலை போடச் சொல்லி உட்கார்ந்தாள். பரிமாறுகிறவர் பெரியப்பாவைப் பார்த்தார், பிறகு பட்டுப்புடவையில் இருந்த கல்யாணப்பெண்ணைப் பார்த்தார், சாதம் போட்டார். அவள் ரசம்வரை நிதானமாகச் சாப்பிட்டாள். நான் சாதத்தைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"எனக்காக இதெல்லாம் பண்ணாதடி, பேஜாரு ஆயிடும்" என்றேன்.

"உனக்காக இன்னாத்துக்கு?" என்றாள். "நீ இன்னைக்கு ஒரு வேள சாப்ட்டுப் போயிடுவ. நான் அந்த வூட்ல காலம் பூரா சாப்புடணும்."

கை கழுவிய பிறகுதான் அப்பாவிடம் போய் இந்தக் கல்யாணம் வேண்டாம் என்றாள். கந்தசாமி கெஞ்சினார். அம்மா உண்ணாமலை தரையில் உட்கார்ந்துவிட்டார். குமரேசன் வந்து, பெரியப்பா சார்பில் தானே மன்னிப்புக் கேட்பதாகச் சொன்னான். அவள் மசியவில்லை. விடிந்தால் முகூர்த்தம், ராத்திரியே மாப்பிள்ளை வீட்டார் வண்டி கிளம்பிவிட்டது.

ஊர் என்னைத்தான் காரணமாகச் சொன்னது. எங்கள் தெருவுக்கு யாராவது அடியாள் அனுப்புவார்கள் என்று அம்மா ஆதிலட்சுமி பல நாள் பயந்துகொண்டிருந்தாள். எனக்குக் கீதாமேல் கோபம் கோபமாக வந்தது. ஆரணிப் பக்கம் போவதையே விட்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே பஸ் ஏறி சந்தவாசல் வந்துவிட்டாள். கோபத்தையெல்லாம் கொட்டித் தீர்த்தேன். குறுக்கே பேசாமல் கேட்டாள். அவள் அப்படிக் கேட்டது அன்று ஒரு நாள்தான். அம்மாவிடம் போய், உங்களைப் பயப்பட வைத்தது தப்பு, கல்யாணத்தை நிறுத்தியது தப்பில்லை என்றாள். அம்மா அவளுக்குக் காபி போட்டுக் கொடுத்தாள்.

கந்தசாமி அவளோடு முகம் கொடுத்துப் பேச நெடுநாள் ஆனது. அவருக்கு முழங்கால் வலி வந்து வெளியூர்ப் பயணம் முடியாமல் போனபோது, சரக்கை எடுத்துக்கொண்டு அவளே சென்னைக்கும் பெங்களூருக்கும் போக ஆரம்பித்தாள். கடைக்காரர்கள் முதலில் அப்பா வரவில்லையா என்று கேட்டார்கள். பிறகு அவளைத்தான் கேட்டார்கள். நான்கு தறி பன்னிரண்டு ஆனது. அந்தக் கல்யாணத்தால் தங்கை சுகன்யாவுக்கு வரன் வராது என்று சொன்னவர்கள், சுகன்யாவின் கல்யாணத்தில் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தார்கள்.

கீதாவுக்கு முப்பத்து நான்கு வயதில் வெற்றிச்செல்வன் வந்தார். களம்பூர் அரிசி ஆலையில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவர், பேச்சு குறைவு. சரி என்று சொல்வதற்கு முன் கீதா அவரை எங்கள் வீட்டுக்கு அழைத்து வந்தாள். அம்மா கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். அவர் ஒரு வார்த்தை பேசாமல் சாப்பிட்டார். எழுந்திருக்கப் போகிறார் என்று நினைத்தபோது, "இன்னும் கொஞ்சம் ஊத்துங்கம்மா" என்றார். கீதா என்னைப் பார்த்துக் கண்ணடித்தாள். பதிவு அலுவலகத்தில் சாட்சிக் கையெழுத்துப் போட்டது நான்தான். அடுத்த வருஷமே அமலா பிறந்தாள்.

நாற்பத்து இரண்டு வயதில் கீதாவுக்குச் சிறுநீரகம் கெட்டது. நான் வேலை பார்த்த வேலூர் ஆஸ்பத்திரிக்கே டயாலிசிஸுக்கு வருவாள். கையில் ஊசி ஏறிய பிறகும் வாய் ஓயாது. படுத்துக்கொண்டே எங்கள் நர்சுகளுக்குப் புடவை தேர்ந்தெடுத்துக் கொடுத்தாள். தமிழ்ச்செல்வி என்கிற இளம் நர்ஸ் தனக்கு அரக்குச் சிவப்பு வேண்டும் என்றபோது, உன் நிறத்துக்கு மயில் கழுத்துதான் எடுப்பாக இருக்கும் என்று அடம்பிடித்து அதையே வாங்க வைத்தாள். மயக்கமாக வருகிறது என்பதைக்கூட யாரையோ அதட்டுவதுபோல்தான் சொல்வாள். வெற்றிச்செல்வன் தன் சிறுநீரகத்தைத் தர முன்வந்தார், பொருந்தவில்லை. வெளியே பெஞ்சில் அவர் அழுததை நான் அவளிடம் சொல்லவில்லை. அவளாகவே தெரிந்துகொண்டு, "அவர ஆலைக்குப் போவச் சொல்லுடி. இங்க உக்காந்துகினு இன்னா பண்ணப் போறாரு?" என்றாள்.

ஆடியில் ஒரு நாள் காலை, வீட்டில் காபி குடித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தவள்தான். இதயம் நின்றுவிட்டது.

காரியத்துக்குப் படம் வைக்க வேண்டும் என்றபோது, பட்டுப்புடவையில் அடக்கமாக உட்கார்ந்திருக்கும் படத்தை உறவினர்கள் எடுத்து வந்தார்கள். அமலா வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அப்பாவின் போனில் தான் எடுத்திருந்த படம் ஒன்றைக் காட்டினாள். கீதா போனைக் காதில் வைத்துக்கொண்டு, ஒற்றை விரலை நீட்டி யாரையோ திட்டிக்கொண்டிருக்கிறாள். பெரியவர்கள் முகம் சுளித்தார்கள். வெற்றிச்செல்வன் அதையே பெரிதாக்கச் சொன்னார்.

மறுநாள் பெங்களூர் கடையிலிருந்து போன் வந்தது. வெற்றிச்செல்வன் அதைச் சுகன்யாவிடம் நீட்டினார். அவள் வாங்கி, அக்கா இல்லை என்ற செய்தியைச் சொன்னாள். அந்தப் பக்கம் வருத்தம் சொன்னார்கள் போலிருக்கிறது. பிறகு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, "சரக்கு வெள்ளிக்கிழம வந்துடும்ங்க" என்றாள். பின்கட்டில் தறி ஓடத் தொடங்கியிருந்தது. எனக்கு மதியம் டியூட்டி. நான் வேலூர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பினேன்.